இரண்டாவது ஐம்பது பைசா

கல்யாணசுந்தரிக்குப் பிசகு கண்ணில் படுவது பிறவிக் குணம் என்று அவளுடைய கணவர் மந்திரமூர்த்தி சொல்வார். அது உண்மையில்லை. சம்பளத்துக்காகப் பழகிய பழக்கம் அது. கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற ஓர் அச்சகத்தில் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருடம் செய்தது ஒரே வேலை. மிஷினிலிருந்து இறங்கும் தாள்களைப் புரட்டிப் பார்ப்பாள். நிறம் கோட்டைத் தாண்டியிருந்தால் ஒதுக்குவாள். மயிலின் கழுத்து நீலம் ஒரு முடியளவு வெளியே வழிந்திருந்தாலும் அவள் விரல் அந்த இடத்தில் போய் நின்றுவிடும்.

அங்கே இரண்டு விதமான பிசகு உண்டு. தாள் நகர்ந்துவிட்டால் அந்த ஒரு தாளில் மட்டும் நிழல் விழும். கிழித்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். பிளேட்டிலேயே கோளாறு என்றால் அடுத்தடுத்த தாள்களிலும் அதே இடத்தில் அதே கோளாறு வரும். அப்போது மிஷினை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒருமுறை அவள் நிறுத்தச் சொல்லி, முதலாளி கோபமாக வந்தார். நான்கு தாள்களை வரிசையாகப் பரப்பி, மயிலின் கொண்டையில் ஒரு புள்ளியைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், பிளேட்டைக் கழற்றச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் அவளுக்கு மட்டும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் கேமரா வைத்த புது மிஷின் வந்தது. பிசகை அதுவே பார்த்து ஒதுக்கிவிடும். எட்டுப் பெண்களைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். சுந்தரிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் வேலை கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் கண் மட்டும் சும்மா இருக்க மறுத்தது. பால் பாக்கெட்டில் பசு ஒருபக்கம் நகர்ந்திருப்பதையும், பஸ் டிக்கெட்டில் எழுத்து சாய்ந்திருப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்க யாருமில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் பழைய பேப்பர் போட அப்துல் ரஹ்மானின் இரும்புக்கடைக்குப் போனாள். எட்டயபுரம் ரோட்டுப் பக்கம் கடை. எதைக் கொண்டுபோனாலும் பாய் முதலில் காந்தத்தை வைத்துப் பார்ப்பார். அன்று ஏதோ ஒரு வீட்டைக் காலி செய்தவர்கள் பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய சில்லறையையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பாய் அதைச் சாக்கில் கொட்டி, காந்தத்தில் ஒட்டுவது ஒருபக்கம், ஒட்டாதது ஒருபக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளி மாதிரி மின்னுகிற காசு காந்தத்தில் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் காலத்து ஐம்பது பைசாவும் கால் ரூபாயும் முழுக்க நிக்கல், நிக்கல் இரும்பு மாதிரியே ஒட்டும், ஆனால் துருப்பிடிக்காது என்று பாய் விளக்கினார்.

அவள் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். ஏழாவதோ எட்டாவதோ ஓர் ஐம்பது பைசா. அறுபதுகளில் அடித்தது. வருடத்தின் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் அதே எண்ணின் நிழல் ஒன்று மெலிதாக எழும்பியிருந்தது.

“பாய், இது பிசகியிருக்கு” என்றாள்.

பாய் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார், வாசலுக்குப் போய் வெயிலில் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காசை அவள் கையிலேயே வைத்து, “எனக்குத் தெரியல தங்கச்சி. ஒனக்குத் தெரியுதுன்னா அது ஒனக்குள்ளது. கொண்டு போ” என்றார். விலை கேட்டதற்குக் கையை மட்டும் அசைத்தார்.

பாயின் இளைய மகள் ருமானா பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். போனுக்குள் இருக்கும் போர்டில் பற்றவைப்பதற்காக அவளிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. அடியில் வைப்பது டிவி மாதிரித் திரையில் பெரிதாகத் தெரியும். மகளிடம் காட்டச் சொல்லி பாய்தான் அனுப்பினார். ருமானா காசை அடியில் வைத்துத் திருகினாள். திரையில் அந்த எண் ஒரு முழம் உயரத்துக்கு எழுந்தது. அதன் ஓரம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஓர் எண்ணின் முதுகில் இன்னோர் எண் ஏறி உட்கார்ந்திருந்தது.

ருமானா கடையைக் கவனித்துக்கொண்டே இரண்டு வாரம் இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் இருந்ததை எல்லாம் படித்துத் தமிழில் சொன்னாள். காசு அடிக்கிற எஃகு அச்சையும் அழுத்தித்தான் செய்கிறார்கள். ஒருதடவை அழுத்தி, மறுதடவை அழுத்தும்போது துளி நகர்ந்தால் அந்த அச்சிலேயே எழுத்து இரட்டித்துவிடும். அதிலிருந்து பிறக்கிற எல்லாக் காசிலும் அந்த இரட்டிப்பு இருக்கும். அது அபூர்வம், அதைத் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. அச்சு நன்றாகத்தான் இருக்கும், அடிக்கிற நேரத்தில் லேசாக ஆடியிருக்கும். அந்த ஒரு காசில் மட்டும் எழுத்தின் ஓரம் தட்டையாக இழுபட்டுப் போகும். அது சாதாரணம்.

“பிளேட் பிசகு, தாள் பிசகு” என்றாள் சுந்தரி. ருமானாவுக்குப் புரியவில்லை. சுந்தரிக்கு முழுதும் புரிந்துவிட்டது.

தை மாதம் திருநெல்வேலியில் நாணயக் கண்காட்சி நடந்தது. மந்திரமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு போனாள். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். எங்கே கூப்பிட்டாலும் தூக்குவாளியில் சோற்றோடு கிளம்பிவிடுவார். அங்கே சுடலைக்குமார் என்பவரின் மேசையில்தான் கூட்டம் அதிகம். பழைய காசு வாங்கி விற்பதில் தென்மாவட்டத்தில் பெயர் பெற்றவர். அவர் லென்ஸை வைத்து ஐந்து நொடி பார்த்தார்.

“மிஷின் ஆட்டம்மா இது. இப்படி நெறைய வருது” என்று திருப்பிக் கொடுத்தார்.

ஓரம் தட்டையாக இழுபடவில்லை, உருண்டு எழும்பியிருக்கிறது, அதனால் இது ஆட்டம் இல்லை என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் தலையைத் தூக்கி அவளை ஒருதரம் பார்த்தார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

“ஒத்தக் காச வச்சு அச்சுப் பிசகுன்னு யாரும் ஒத்துக்கிட மாட்டாவ. அதே அச்சுல அடிச்ச இன்னொண்ணக் கொண்டு வாங்க, பாப்போம்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார்.

“சரிங்க அண்ணாச்சி” என்று காசைப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மந்திரமூர்த்திதான் கொதித்தார். கயத்தாறு தாண்டும்வரை அவள் அவரைப் பேசவிட்டாள். பிறகு, சுடலைக்குமார் சொன்னது நியாயம் என்றாள். ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு நானும் மிஷினை நிறுத்தச் சொன்னதில்லையே என்றாள்.

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒன்பது வருடம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் ஏதாவது ஓர் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், கடலைமிட்டாய்க் கம்பெனியில் கூட வேலை செய்யும் பெண்களின் பிறந்த வீடுகள். பழைய ஐம்பது பைசா இருந்தால் பார்க்கத் தருவீர்களா என்று கேட்பாள். விலைக்கு வேண்டாம், பார்த்தால் போதும் என்பாள். “ஊரே பொன்னத் தேடுது, இவ நிக்கலத் தேடுதா” என்று மந்திரமூர்த்தி அங்கங்கே சொல்லிச் சிரிக்க வைப்பார். சிரித்துவிட்டு ஜனங்கள் உள்ளே போய் எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள். தையல் மிஷின் டிராயரில் இருந்தும், சாமி படத்துக்குப் பின்னால் இருந்தும், கட்டில் கால் ஆடாமலிருக்கக் கொடுத்த முட்டிலிருந்தும் காசு வந்தது.

மணியாச்சியில் ராமசுப்பு என்று ஓர் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் இருந்தார். தன்னிடம் ஆறு இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் ஆறும் சின்ன வயதில் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியவை. வெற்றிலை மாதிரித் தட்டையாக இருந்தன. வருடம் எது, சிங்கம் எது என்று ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒவ்வொன்றும் எந்த வண்டி ஏறியது என்று கதை சொன்னார். சுந்தரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாள். அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி வந்தாள்.

ஓட்டப்பிடாரத்துக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் முத்துத்தாய் என்ற பெண், ஒரு கலயம் நிறையச் சில்லறையை அவள் முன்னால் கொட்டினாள். அது மாமியார் காலத்துக் கலயம். அன்று மிளகாய்ப் பழம் எடுக்கிற நாள். காட்டில் ஆள் நிற்கிறது. முத்துத்தாய் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே, “நீ பாத்துக்கிட்டிரு. முடிஞ்சதும் கலயத்துல அள்ளிப் போட்டுட்டு, கதவ மட்டும் சாத்திட்டுப் போ தாயி. கோழி உள்ள போயிரும்” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஊர். முழு வீடும் திறந்து கிடந்தது. சுந்தரி நானூற்றுச் சொச்சம் காசைப் பார்த்து முடித்தாள். அவள் தேடியது அதில் இல்லை. கலயத்தை நிரப்பிக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். தேடியது கிடைக்காமலேயே மனம் நிறைந்து வீட்டுக்குப் போன நாள் அது என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

நான்காவது வருடம் ஒரு காசு கிடைத்தது. அதே வருடத்தில் அடித்தது, அதே எண்ணுக்குப் பக்கத்தில் நிழல். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே ருமானாவின் கடைக்குப் போனாள். திரையில் வைத்ததும் தெரிந்துபோயிற்று. ஓரம் தட்டையாகச் சரிந்திருந்தது. வெறும் ஆட்டம். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாளே ருமானாவிடம் வந்து, இரண்டு காசையும் படமெடுத்துத் திருநெல்வேலி அண்ணாச்சிக்கு அனுப்பச் சொன்னாள். “இடது பக்கம் உள்ளது ஆட்டம். வலது பக்கம் உள்ளது நான் அன்று காட்டியது. வித்தியாசத்தைப் பாருங்கள்” என்று கீழே எழுதச் சொன்னாள். தோற்றதை ஏன் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று ருமானா கேட்டாள். பார்த்ததைத்தானே சொல்ல முடியும் என்றாள் இவள். செய்தியைப் பார்த்த அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

ஏழாவது வருடம் இடது கண்ணில் புகை படர்ந்தது. சுந்தரி யாரிடமும் சொல்லவில்லை. கண்ணுக்குக் குறை என்று வெளியே தெரிந்தால் தன்னிடம் மிச்சமிருப்பது எதுவும் இல்லை என்று ஆகிவிடும் என்ற பயம். ருமானாதான் கண்டுபிடித்தாள். காசை எப்போதும் வலது பக்கம் தள்ளித் தள்ளி வைத்துப் பார்க்கிறாளே என்று கவனித்து, ஒரு வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ரயிலில் மதுரைக்கு, கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கண்புரைதான். ஆபரேஷன் முடியும்வரை அவளும் மந்திரமூர்த்தியும் வராந்தாவில் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டுப் பிரித்த பிறகு மருத்துவர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். சுந்தரி சரியாகச் சொன்னாள். பிறகு தயங்கிக்கொண்டே, பர்ஸில் ஒரு காசு இருக்கிறது, அதைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சிரித்துவிட்டு, பாருங்கள் என்றார்.

எண் இரட்டித்தபடியே இருந்தது. அதோடு, இத்தனை வருடம் கண்ணில் படாத ஒன்றும் தெரிந்தது. அந்த எண்ணின் அடியிலிருந்து விளிம்பை நோக்கி முடியைவிட மெல்லிய ஒரு கோடு மேடாக ஓடிப் பாதியில் நின்றிருந்தது. ஊருக்கு வந்ததும் ருமானா திரையில் காட்டி உறுதிப்படுத்தினாள். அச்சில் கீறல் விட்டிருந்தால் காசில் அது மேடாகத்தான் விழும். அச்சுக்கே உள்ள அடையாளம் அது. இரண்டாவது காசு வந்தால் சந்தேகமில்லாமல் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆவணியில், முன்பகல் நேரத்தில், கடலைமிட்டாய்க் கம்பெனிக்கு ருமானா போன் செய்தாள். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வந்து கடையில் உட்கார்ந்திருக்கிறார், உடனே வரணும் என்றாள். சுந்தரி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனாள். சுடலைக்குமார் எழுந்து நின்றார். ஒன்பது வருடத்தில் முடி நரைத்திருந்தது. பாசஞ்சர் ரயிலில் வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய காகித உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு பழைய சோடாக் கடையின் கல்லாவை மொத்தமாக வாங்கியதாகவும், அதில் இருந்ததாகவும் சொன்னார். அந்தப் படத்தை அவள் அனுப்பிய நாளிலிருந்து, கைக்கு வருகிற ஐம்பது பைசா ஒவ்வொன்றையும் அந்த எண்ணைப் பார்க்காமல் கீழே வைத்ததில்லை என்றார்.

ருமானா இரண்டு காசையும் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒரே பிளவு. ஒரே உருண்ட ஓரம். எண்ணின் அடியிலிருந்து அதே கோடு. ஆனால் சுடலைக்குமாரின் காசில் அது பாதியில் நிற்கவில்லை, விளிம்புவரை ஓடியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. ஒருவேளை வேறு அச்சோ என்று முணுமுணுத்தார்.

சுந்தரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஒரே அச்சுதான் அண்ணாச்சி. என்னோடது முன்ன அடிச்சது, ஒங்களோடது பின்ன அடிச்சது. பிளேட்டுல கீறல் விட்டா நின்ன எடத்துல நிக்காது. அடிக்க அடிக்க வளரும்.”

சுடலைக்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். முப்பது வருடமாகக் காசு பார்க்கிறேன் என்று சொல்லத் தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

பிறகு, “அன்னைக்கி நான் சரியாப் பாக்காமச் சொல்லிட்டேன்மா” என்றார்.

“நீங்க சொல்லலன்னா நான் தேடியிருக்க மாட்டேன். ஒத்தக் காச வச்சிக்கிட்டு வீட்லயே இருந்திருப்பேன்” என்றாள் சுந்தரி.

ருமானா எழுந்துபோய் டீ சொல்லிவிட்டு வந்தாள்.

ஏன் இத்தனை வருடம் பார்த்தீர்கள் என்று பிறகு சுந்தரி அவரிடம் கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில் ருமானாவுக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. “நீங்க தோத்தத எனக்கு அனுப்பியிருந்தீங்க. இந்த யாவாரத்துல அத யாரும் அனுப்புததில்ல.”

இரண்டும் பிரியக்கூடாது என்று காசை அவளிடமே விட்டுப் போக நினைத்தார். சும்மா வாங்க மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். கடைசியில், தேடிப் போன வீடுகளில் அவளுக்குக் கிடைத்திருந்த, அவர் தொகுப்பில் இல்லாத மூன்று கால் ரூபாய்களை அவள் கொடுக்க, மாற்றிக்கொண்டார்கள். சேகரிக்கிறவர்களிடம் அது வழக்கம்தான். மதியம் வீட்டில் சாப்பிட வைத்து அனுப்பினாள். மந்திரமூர்த்தி பழைய கோபத்தை மறந்து, இரண்டாவது தடவை ரசம் ஊற்றினார்.

சென்னையில் உள்ள ஒரு நாணயச் சேகரிப்போர் சங்கத்துக்கு இரண்டின் படங்களையும் சுடலைக்குமாரே அனுப்பி வைத்தார். அவர்கள் நான்கு மாதம் ஆராய்ந்து, ஏதேதோ கேட்டு எழுதி, கடைசியில் தங்கள் மலரில் அரைப்பக்கம் போட்டார்கள். படங்களுக்குக் கீழே, கண்டறிந்தவர் ம. கல்யாணசுந்தரி, கோவில்பட்டி என்று இருந்தது. காசைக் கொடுத்தவர், திரையில் காட்டியவர், தேட இடம் கொடுத்தவர்கள் பெயர்களையும் சேர்க்க முடியுமா என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். இடமில்லை என்று பதில் வந்திருந்தது.

அதனால் அவளே கொண்டுபோனாள். இருபது பிரதிகள் வரவழைத்து, ஒவ்வொன்றோடும் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வைத்துக்கொண்டு, போன ஊருக்கெல்லாம் மறுபடி பஸ் ஏறினாள். மணியாச்சியில் ராமசுப்பு அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார். முத்துத்தாய் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, ஆனாலும் நீ சிரித்த முகமாக வந்திருக்கிறாயே அது போதும் என்றாள்.

அப்துல் ரஹ்மான் அப்போது முட்டிவலியால் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். வீட்டில் நாற்காலியில் இருந்தார். சுந்தரி அரைப்பக்கத்தையும் வாசித்துக் காட்டினாள். அவர் முழுதும் கேட்டுவிட்டு, இதில் நான் ஒன்றும் செய்யவில்லையே தங்கச்சி என்றார்.

“ஒங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியல பாய். ஆனாலும் எனக்குத் தெரியுதுன்னு நம்பிக் குடுத்தீங்க. வேல போன வருசம் அது. என் கண்ண அன்னைக்கி வேற யாரும் நம்பல” என்றாள்.

பாய் உள்ளே பார்த்து, “ஏட்டி ருமானா, அக்காவுக்குச் சாப்பாடு எடுத்து வை” என்றார்.

இப்போது சுந்தரிக்கு ஐம்பத்தேழு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ருமானாவின் கடையில் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் இருக்கிறது. மலரைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ படம் அனுப்புகிறார்கள். பத்தில் ஒன்பது வெறும் ஆட்டம்தான். அதைச் சொல்லும்போது ஏன் என்பதையும் சொல்லி, இன்னொன்று கிடைத்தால் அனுப்புங்கள் என்று எழுதச் சொல்வாள்.

போன மாசியில் தாராபுரத்திலிருந்து ஒரு பஸ் கண்டக்டர் அனுப்பிய படம் அந்தப் பத்தாவது. அதே எண், அதே பிளவு. கீறல் விளிம்பைத் தொட்டு, அங்கே அச்சே ஒரு துணுக்கு உடைந்து, காசில் சிறு குமிழாக எழும்பியிருந்தது. சுந்தரி அன்றே அவருக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினாள். நன்றி என்று தொடங்கி, உங்கள் காசு மூன்றாவது, இதற்குப் பின் அந்த அச்சு அதிக நாள் ஓடியிருக்காது, பத்திரமாக வைத்திருங்கள் என்று எழுதியிருந்தது. கோவில்பட்டிப் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வரும்படி ஓர் அழைப்பும், மந்திரமூர்த்தியின் போன் நம்பரும் கீழே இருந்தன.